பல்சர் 150: கார்புரேட்டர் பக்கத்துல ரெண்டு ஹோஸ் தொங்குது, எதை எங்க மாட்டணும்?

முள்ளியாறு:

வணக்கம். பல்சர் 150, 2015 மாடல், கார்புரேட்டர் வண்டி. திருத்துறைப்பூண்டி பக்கம் ஓடுது. நடவு நேரத்துச் சேறெல்லாம் அப்பியிருந்ததால வாட்டர் சர்வீஸ் விட்டு எடுத்தோம். சேறு போனதுக்கு அப்புறம்தான் கண்ணுல படுது: கார்புரேட்டர் பக்கத்துல ரெண்டு ரப்பர் ஹோஸ் எதுலயும் மாட்டாம தொங்குது.

முதல் ஹோஸ் கார்புரேட்டருக்கு அடியிலிருந்து கிளம்பி எஞ்சினுக்குப் பின்னாடி கீழ இறங்குது. நுனி நேரா வெட்டின மாதிரி சுத்தமா இருக்கு. சைடு ஸ்டாண்டுல நிறுத்தினா கொஞ்ச நேரத்துல அதுலேருந்து பெட்ரோல் சொட்டுது.

ரெண்டாவது பேனா தடிமன்தான். ஒரு முனை டேங்குக்கு அடியில எங்கயோ போகுது, கை எட்டல. இன்னொரு முனை கார்புரேட்டர் உயரத்துலயே ஆடிக்கிட்டு இருக்கு. வாய் கொஞ்சம் விரிஞ்சிருக்கு, ஓரத்துல கீறல். பெட்ரோல் வாடை இல்ல.

ஐடிலிங் (ஆக்சிலரேட்டர் கொடுக்காம எஞ்சின் ஓடற வேகம்) முன்ன 1,400 ஆர்பிஎம்ல நிக்கும். இப்ப தானா 2,000 வரைக்கும் ஏறி இறங்குது. மூணாவது கியர்ல ஆக்சிலரேட்டரை விட்டா சைலன்சர்ல பட்பட்னு வெடிக்குது. இழுவையில பெரிய குறை தெரியல. இந்த ரெண்டையும் எங்க மாட்டணும்? ரெண்டு வாயையும் ஸ்க்ரூ வச்சு அடைச்சுட்டா சரியாப் போயிடுமா?

கீழவாசல் ஸ்பேனர்:

அடைக்காதீங்க தம்பி. முதல் ஹோஸ் தொங்கத்தான் வேணும், ரெண்டாவது ஹோஸ் தொங்கவே கூடாது. நீங்க எழுதினதுலயே ரெண்டுக்கும் அடையாளம் இருக்கு.

வருஷக்கணக்கா ஒரு நிப்பிள்ல (ஹோஸ் மாட்டற சின்னக் குழாய் முளை) மாட்டியிருந்த ஹோஸுக்கு வாய் விரிஞ்சிருக்கும். வெளியில கிளிப் அழுத்தின வளையத் தடம் இருக்கும். உள்ள 1 செ.மீ. தூரத்துக்கு ரப்பர் பளபளன்னு, தூசி படாம இருக்கும். தொங்குறதுக்குன்னே விட்ட ஹோஸுக்கு இது எதுவும் இருக்காது. வாய் நேராவோ சாய்வாவோ வெட்டியிருக்கும், உள்பக்கம் முழுக்கத் தூசி, அதோட எஞ்சினுக்குக் கீழ வரைக்கும் இறங்கியிருக்கும். கார்புரேட்டர் உயரத்துலயே ஒரு ஹோஸ் முடிஞ்சா அது எதுலேயிருந்தோ கழன்றதுன்னு சந்தேகப்படலாம்.

இந்த மாதிரி வண்டியில தொங்க வேண்டியவை இவ்வளவுதான்: கார்புரேட்டர் கிண்ணத்தோட ஓவர்ஃப்ளோ ஹோஸ், டேங்க் மூடியைச் சுத்தி நிக்கிற மழைத்தண்ணி வெளியேற ஒரு ஹோஸ், ஏர் ஃபில்டர் டப்பாவுக்கு அடியில நுனியில மூடி போட்ட சின்ன டியூப். டிஸ்டில்டு வாட்டர் ஊத்துற பழைய பேட்டரியா இருந்தா அதோட வென்ட் டியூபும். அது மட்டும் செயின்லயோ ஃபிரேம்லயோ படாம கீழ இறங்கணும், ஆசிட் ஆவி பட்ட இடம் அரிச்சுடும். கார்புரேட்டருக்குக் காத்து போக மேல் பக்கமா சின்ன வென்ட் டியூபும் இருக்கலாம். அதுவும் திறந்துதான் இருக்கணும்.

மாட்டியே இருக்க வேண்டியது பெட்ரோல் காக்லேருந்து (டேங்குக்கு அடியில பெட்ரோலைத் திறந்து மூடற திருகு) கார்புரேட்டருக்கு வர்ற ஹோஸ், எஞ்சின்லேருந்து ஏர் ஃபில்டர் டப்பாவுக்குப் போற தடிச்ச பிரீதர் ஹோஸ், அப்புறம் எஸ்ஏஐ (செகண்டரி ஏர் இன்ஜெக்ஷன்) வால்வோட ஹோஸ்கள். உங்களோட ரெண்டாவது ஹோஸ் அந்த எஸ்ஏஐ வால்வுக்குப் போற வேக்கம் (உறிஞ்சு சக்தி) ஹோஸ். நீங்க சொன்ன ரெண்டு கோளாறும் அதுக்கு அப்படியே பொருந்துது.

எஸ்ஏஐ என்ன பண்ணுதுன்னா, ஏர் ஃபில்டர் டப்பாவுலேருந்து சுத்தமான காத்தை எடுத்து எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள்ள (எஞ்சின்லேருந்து புகை வெளியேறுற வாய்) விடுது. எரியாம மிஞ்சுற பெட்ரோல் அங்கயே எரிஞ்சு புகை குறையும். ஆனா ஆக்சிலரேட்டரை மூடுற நேரத்துல எக்ஸாஸ்ட்ல எரியாத பெட்ரோல் நிறைய வரும். அப்ப காத்தும் சேர்ந்தா சைலன்சர்ல வெடிக்கும். அதனால அந்த நேரத்துல மட்டும் வால்வு மூடணும். மூடச் சொல்றது இந்தச் சின்ன ஹோஸ்தான். ஆக்சிலரேட்டர் மூடினதும் இன்டேக் மேனிஃபோல்டுல (கார்புரேட்டர்லேருந்து எஞ்சினுக்குப் போற குழாய்) உறிஞ்சு சக்தி கூடும், அது ஹோஸ் வழியா வால்வோட டயஃப்ரத்தை (மெல்லிய ரப்பர் சவ்வு) இழுத்து மூடும். ஹோஸ் கழன்றா வால்வு திறந்தே இருக்கும், பட்பட் வரும். இன்னொரு பக்கம் மேனிஃபோல்டு நிப்பிள் வாய் திறந்து கிடக்கறதால கார்புரேட்டரைத் தாண்டி வெளிக்காத்து உள்ள போகுது, கலவை மெலிஞ்சு ஐடிலிங் ஆடுது.

இப்படியே தினம் ஓட்டாதீங்க. கலவை மெலிஞ்சா எஞ்சின் கூடுதலாச் சூடாகும். வடிகட்டாத தூசியும் நேரா சிலிண்டருக்குப் போகும்.

நிப்பிளைத் தேடுற வழி: எஞ்சின் முழுசா ஆறினதும் டார்ச் அடிச்சு, கார்புரேட்டருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற மேனிஃபோல்டுல பென்சில் தடிமனுக்கும் குறைவான குழாய் முளை ஒண்ணு சும்மா நிக்குதான்னு பாருங்க. கண்டுபிடிச்சதும் வண்டியை ஸ்டார்ட் பண்ணி விரல் நுனியால அதை மூடுங்க. விரல் உறிஞ்சப்படும், ஐடிலிங் சட்டுனு இறங்கும். அப்படி இறங்கினா அதுதான். எக்ஸாஸ்ட் பைப்பும் ஹெட்டும் சீக்கிரம் சூடேறிடும், கையை உள்ள விட்டு வெளிய எடுக்கறப்ப பார்த்துச் செய்யுங்க.

வெட்டாறு 77:

எஸ்ஏஐ எல்லாம் தேவையே இல்ல. அந்த ஹோஸைக் கழட்டிப் போட்டுட்டு நிப்பிள்ல சின்ன ரப்பர் மூடி மாட்டிடுங்க. இங்க பாதி வண்டி அப்படித்தான் ஓடுது, ஒண்ணும் ஆகல.

கீழவாசல் ஸ்பேனர்:

ஓடும்தான். ஆனா பாதி வேலைதான் ஆகும். நிப்பிளை அடைச்சா ஐடிலிங் சரியாகும். வால்வுக்கு உறிஞ்சு சக்தி வராததால அது எப்பவும் திறந்தே இருக்கும், பட்பட் போகாது. அதையும் நிறுத்தணும்னா எக்ஸாஸ்ட்டுக்குப் போற காத்து வழியையும் அடைக்கணும், ஏர் ஃபில்டர் டப்பா பக்கத்து ஓட்டையையும் அடைக்கணும். அதை மறந்துட்டா ஃபில்டரைச் சுத்திக்கிட்டுத் தூசி உள்ள போகும். ஒரு சாண் ஹோஸுக்காக மூணு இடம் அடைக்கறதும், கூடவே புகையைக் கூட்டி விடறதும் எதுக்கு? வழியில கழன்று வீடு வந்து சேரணும்னா மட்டும் நிப்பிளை அடைச்சு ஓட்டலாம்.

முள்ளியாறு:

நிப்பிள் கிடைச்சுது அண்ணே. ஹெட் பக்கத்துல மேனிஃபோல்டுலயே இருக்கு. விரலை வச்சதும் உறிஞ்சுது, ஐடிலிங் இறங்குச்சு.

ஹோஸைத் துடைச்சுப் பார்த்தா அந்தக் கீறல் எலி கடிச்ச தடம் மாதிரி தெரியுது. வாயிலேருந்து 2 செ.மீ. வரைக்கும் பல் பட்டிருக்கு. அதுக்கு மேலயும் வளைச்சா மேல்தோல்ல வெடிப்பு வருது. கடிச்ச பகுதியை வெட்டிட்டு மாட்டினா நீளம் பத்தல, இழுத்துப் பிடிக்குது. புதுசா எந்த ஹோஸ் வாங்கணும்? சைக்கிள் வால்வு டியூபும், பழைய ஸ்பிரேயர் ஹோஸும் வீட்ல கிடக்கு. அது ஆகுமா?

குடமுருட்டி:

ரெண்டும் ஆகாது. சைக்கிள் வால்வு டியூப் ரொம்ப மெல்லிசு. உறிஞ்சினா உள்வாங்கி ஒட்டிக்கும், வால்வுக்கு எதுவும் போய்ச் சேராது. மேனிஃபோல்டுல பெட்ரோல் ஆவியும் இருக்கறதால சீக்கிரம் ஊதி இத்துப்போகும். ஸ்பிரேயர் ஹோஸ் மருந்துத் தண்ணிக்கு வந்தது. சின்ன நிப்பிள்ல கவ்வாது, சூடு பட்டா இளகும். டிரிப்ஸ் டியூபை மாட்டி விடற வழக்கமும் உண்டு. புதுசுல கண்ணாடி மாதிரி அழகாத்தான் இருக்கும். சூட்டுல இளகிச் சப்பையாகும், பெட்ரோல் பட்டா கொஞ்ச நாள்ல விறைச்சு நிப்பிள்ல சுழலும்.

பழைய ஹோஸை முழுசாக் கழட்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் கொண்டு போங்க. எஸ்ஏஐ வேக்கம் ஹோஸ்னு கேட்டா கம்பெனி ஹோஸே கிடைக்கும். கிடைக்கலேன்னா மீட்டர் கணக்குல விக்கிற பெட்ரோல் தாங்கும் ரப்பர் ஹோஸ், சுவர் தடிமனா இருக்கறதா வாங்குங்க. உள் விட்டம் நிப்பிளோட வெளி விட்டத்தைவிட அரை மி.மீ. குறைவா இருக்கணும். நிப்பிள் 4.5ன்னா ஹோஸ் 4. பழைய ஹோஸோட விரிஞ்ச வாயை அளக்காதீங்க, நடுவுல வெட்டி அளங்க. வெர்னியர் இல்லாட்டி டிரில் பிட்டோட காம்பை ஒவ்வொண்ணா விட்டுப் பார்த்தாலே அளவு தெரிஞ்சுடும்.

நீளம் பழைய ஹோஸைவிட 1 செ.மீ. கூடுதலா வெட்டுங்க. ரொம்ப நீளமா விட்டா மடிஞ்சு அடைச்சுக்கும். பிளேடால நேரா வெட்டுங்க. கத்தரியில வெட்டினா வாய் சப்பையாகும்.

மேல் முனையை எடுக்க டேங்கைத் தூக்கணும். சீட், சைடு கவர் ரெண்டையும் கழட்டுங்க. பெட்ரோல் காக்கை ஆஃப் பண்ணிட்டு பெட்ரோல் ஹோஸை எடுங்க, அதுல நிக்கிற கொஞ்சம் பெட்ரோலைத் துணியில பிடிச்சுக்குங்க. பெட்ரோல் கேஜ் கப்ளரையும் பிரிக்கணும். அப்புறம் பின் போல்ட்டைக் கழட்டினா டேங்க் பின்பக்கம் மேல வரும். டேங்க்ல பெட்ரோல் குறைவா இருக்கற நாளாப் பார்த்துச் செஞ்சா இடுப்புக்கு நல்லது.

பழைய ஹோஸ் வரலேன்னு பிளையரால பிடிச்சு முறுக்காதீங்க. வால்வு நிப்பிள் பிளாஸ்டிக்கா இருந்தா ஒடிஞ்சுடும், அப்புறம் வால்வையே மாத்தணும். பிளேடால நீளவாக்குல மெல்லக் கீறி, தோலுரிக்கற மாதிரி எடுங்க. நிப்பிள் மேல கீறல் விழக் கூடாது.

புது ஹோஸை முதல்ல வால்வு பக்கம் மட்டும் மாட்டிட்டு மறு முனையை வாயில வச்சு உறிஞ்சி, நாக்கால அடைச்சுப் பாருங்க. நாக்கை அப்படியே பிடிச்சுக்கிட்டு இருந்தா டயஃப்ரம் நல்லா இருக்கு. காத்து வந்துக்கிட்டே இருந்தா டயஃப்ரம் கிழிஞ்சிருக்கு, ஹோஸ் மாத்தியும் பிரயோஜனம் இல்ல. புது ஹோஸ்ல மட்டும்தான் இந்தச் சோதனை. பழசுல வாய் வைக்காதீங்க.

மேனிஃபோல்டு நிப்பிளைத் துணியால துடைச்சுக் காய விடுங்க. ஹோஸ் வாயை வெந்நீர்ல ஒரு நிமிஷம் முக்கி எடுத்தா இளகும். சோப்புத் தண்ணி ஒரு சொட்டுப் போதும். கிரீஸ், ஆயில் தடவினா ஏறும்போது சுலபமா ஏறும், சூடானதும் அதே சுலபத்துல வழுக்கி வந்துடும். நிப்பிள் நுனியில இருக்கற புடைப்பைத் தாண்டி 10 மி.மீ. உள்ள போகணும். ஸ்பிரிங் கிளிப்பை அந்தப் புடைப்புக்குப் பின்னாடி நிறுத்துங்க. புடைப்பு மேலயே கிளிப் உக்காந்தா ஹோஸைக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய தள்ளும். கட்டுக்கம்பி போட்டு முறுக்கினா ரப்பரை அறுத்துடும். கிளிப் இல்லாத நேரத்துல கேபிள் டை போதும், ஆனா அது இந்த வேக்கம் ஹோஸுக்கு மட்டும்தான். பெட்ரோல் ஹோஸுக்குக் கேபிள் டை போடாதீங்க.

ஹோஸ் போற வழியில ஹெட் ஃபின்னுக்கும் எக்ஸாஸ்ட் பைப்புக்கும் ரெண்டு விரல் இடைவெளி இருக்கணும். ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பி, ஆக்சிலரேட்டர் கேபிள் ஹோஸை இழுக்குதான்னு பார்த்துட்டு டேங்கை இறக்குங்க.

ஒரு விஷயம் முன்னாடியே தெரிஞ்சுக்கணும். ஐடிலிங் ஏறுதுன்னு யாராவது இடையில ஐடில் ஸ்க்ரூவைக் குறைச்சிருந்தா, ஹோஸ் மாட்டின உடனே வண்டி நின்னு நின்னு போகும். அதைப் பார்த்து ஹோஸ் தப்புன்னு நினைச்சுடாதீங்க, காத்துக் கசிவு நின்னதுக்கு அடையாளம் அது. அஞ்சு நிமிஷம் ஓட்டி எஞ்சின் சூடானதும் ஐடில் ஸ்க்ரூவைத் திருப்பி 1,400க்குக் கொண்டு வாங்க. கலவை ஸ்க்ரூவைத் தொடாதீங்க.

கீழவாசல் ஸ்பேனர்:

குடமுருட்டி ஹோஸ் வேலையை முழுசாச் சொல்லிட்டார். சொட்டுற பெட்ரோலை யாரும் தொடல. என் கணக்குல அதுதான் அவசரம். அது முடியற வரைக்கும் வண்டியை வைக்கோல் போர் ஓரத்துலயோ, அடுப்பெரியற கொட்டகைச் சார்ப்புலயோ நிறுத்தாதீங்க. நிறுத்தின உடனே காக்கை ஆஃப் பண்ணுங்க.

ஓவர்ஃப்ளோ ஹோஸ் தன் வேலையைத்தான் செய்யுது. கிண்ணத்துல மட்டம் ஏறினா ஃப்ளோட் (மிதவை) ஊசி மேல போய் பெட்ரோலை நிறுத்தணும். நிக்காததால மிச்சம் கீழ வழியுது. இந்த ஹோஸை அடைச்சா அந்தப் பெட்ரோலுக்கு வேற வழி கிடையாது. மேனிஃபோல்டு வழியா சிலிண்டருக்குப் போய், பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எஞ்சின் ஆயில்ல கலக்கும். ஆயில் தண்ணியாகி பேரிங், கேம் எல்லாம் தேயும். அதனால அடைக்கலாமான்னு கேட்டதுக்கு அவ்வளவு கண்டிப்பா வேணாம்னேன். இப்பவே ஆயில் மூடியைத் திறந்து மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை அடிச்சாலோ மட்டம் ஏறியிருந்தாலோ ஆயிலை மாத்திட்டுத்தான் ஓட்டணும்.

முதல்ல சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினை ஆஃப் பண்ணி, காக்கை மட்டும் ஆன்ல வச்சுக் கால் மணி நேரம் பாருங்க. சைடு ஸ்டாண்டுல வண்டி சாயறதால கிண்ணத்துல மட்டம் மாறும், ஊசி லேசாத் தேஞ்சிருந்தா அங்க மட்டும் சொட்டும். சென்டர் ஸ்டாண்டுலயும் சொட்டினா ஊசியிலயோ அது உக்கார்ற இடத்துலயோ அழுக்கு இருக்கு, இல்லாட்டி ஊசி நுனி தேஞ்சிருக்கு.

கிண்ணத்துக்கு அடியில டிரெயின் ஸ்க்ரூ இருக்கு. அதைத் தளர்த்தினா ஓவர்ஃப்ளோ ஹோஸ் வழியாவே பெட்ரோல் இறங்கும். கண்ணாடி பாட்டில்ல பிடிச்சுக் கொஞ்ச நேரம் அசையாம வைங்க. அடியில தண்ணி முத்து முத்தா தனியா நின்னாலோ, துருப்பொடி தங்கினாலோ டேங்க்லேருந்து வருதுன்னு அர்த்தம். அப்படியே காக்கை ஆன் பண்ணி ரெண்டு மூணு தடவை பெட்ரோல் ஓட விட்டு ஸ்க்ரூவை மூடுங்க. ஊசியில ஒட்டின தூசி பல நேரம் இதுலயே கழுவிப் போயிடும்.

போகலேன்னா கிண்ணத்தைக் கழட்டணும். ஊசியோட ரப்பர் நுனியில வளையமாப் பள்ளம் விழுந்திருந்தா புது ஊசி போடுங்க, தேய்ச்சுச் சரி பண்ண முடியாது. ஊசி உக்கார்ற இடத்தைப் பஞ்சு சுத்தின குச்சியால துடைங்க. எமரி பேப்பர் படக் கூடாது. கிண்ணத்து ரப்பர் ரிங் ஊதியிருந்தா திரும்பப் பள்ளத்துல உக்காராது, அதையும் சேர்த்து வாங்கிடுங்க. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தகுந்த ரப்பர் 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகள்லதான் கட்டாயம் ஆச்சு. 2015 வண்டியில பெட்ரோல் ஹோஸையும் ஒரு தடவை வளைச்சுப் பார்த்துடறது நல்லது.

தண்ணி வந்திருந்தா டேங்க் மூடியைத் திறந்து, அதைச் சுத்தி இருக்கற பள்ளத்துல சின்ன ஓட்டையைத் தேடுங்க. அந்த மழைத்தண்ணி ஹோஸ் சேத்துல அடைஞ்சா ஐப்பசி மழையில பள்ளம் நிரம்பி டேங்குக்குள்ள கசியும். நம்ம பக்கம் குளவி வேற தொங்குற டியூப் வாய்லயெல்லாம் மண்ணு வச்சுடும். மெல்லிய பிளாஸ்டிக் நாரை விட்டுக் குத்தி எடுங்க. சைக்கிள் பம்பால டேங்க் பக்கமா ஊதாதீங்க, மண்ணு உள்ள போயிடும்.

வெட்டாறு 77:

எலிக்கு என்ன பண்றது? ஹோஸ் மாத்தினாலும் திரும்பக் கடிக்குமே.

குடமுருட்டி:

அறுவடை முடிஞ்சா வயல் எலியெல்லாம் வீட்டுப் பக்கம்தான் வரும். நெல் மூட்டை, தவிடு இருக்கற அறையில வண்டியை நிறுத்தாம இருந்தாலே பாதி குறையும். ஏர் ஃபில்டர் டப்பா மேலயும் சீட்டுக்கு அடியிலயும் வைக்கோல் துணுக்கு சேர்ந்திருக்கான்னு மாசம் ஒரு தடவை பாருங்க, அங்கதான் கூடு வைக்கும். அங்க இங்க ஒயரும் கடிச்சிருக்கான்னு அதே கையோட பார்த்துடலாம். எலி மருந்தை வண்டிக்குள்ள வைக்காதீங்க, செத்து எஞ்சின் இடுக்குல கிடந்தா எடுக்க முடியாது.

வடவாறு:

இடையில கேக்கறேன். என்னோடது பிஎஸ்6, ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டி. சீட்டுக்கு அடியில கறுப்பு டப்பா ஒண்ணுலேருந்து ஒரு ஹோஸ் கழன்றிருக்கு. இதே மாதிரி மாட்டிடலாமா?

கீழவாசல் ஸ்பேனர்:

அந்த டப்பா கரி நிரப்பின கேனிஸ்டரா இருக்கும். டேங்க்ல கிளம்பற பெட்ரோல் ஆவியைப் பிடிச்சு வச்சு, எஞ்சின் ஓடும்போது உறிஞ்ச விடும். அதுல பொதுவா மூணு வாய்: டேங்க்லேருந்து வர்றது, எஞ்சினுக்குப் போறது, வெளிக்காத்துக்குத் திறந்தது. டப்பா மேலயே எழுத்தோ குறியோ பொறிச்சிருக்கும். மூணாவது தொங்கலாம், மத்த ரெண்டும் மாறக் கூடாது. டேங்க் பக்கத்து ஹோஸ் மடிஞ்சாலோ அடைச்சாலோ டேங்குக்குக் காத்து போகாம ஓடிக்கிட்டு இருக்கறப்பவே வண்டி நிக்கும். மூடியைத் திறந்தா புஸ்ஸுனு சத்தம் வந்து திரும்ப ஓடும். அந்த அறிகுறி இருந்தா இந்த ஹோஸை முதல்ல பாருங்க.

டேங்க்லேருந்து இன்ஜெக்டருக்குப் போற ஹோஸ் மட்டும் வேற. அதுல 3 பார் அளவுக்கு அழுத்தம் நிக்கும், சாவியை ஆன் பண்ணினாலே பம்ப் ஏத்திடும். முனையில கிளிப் இல்லாம, அமுக்கிக் கழட்டற பூட்டு இருக்கும். அதுல கீறல் விழுந்தா வெட்டி ஒட்டறது, சாதா பெட்ரோல் ஹோஸ் போட்டுக் கிளிப் இறுக்கறது எதுவும் கூடாது. சூடான எஞ்சின் மேல பீச்சி அடிச்சா தீப்பிடிக்கும். கம்பெனி ஹோஸையே முழுசா மாத்துங்க. கேனிஸ்டரை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க, எந்த வாயின்னு பார்த்துச் சொல்றேன்.